கால் மாத்திரை

புதன்கிழமை, மண்டபம் சுகாதார நிலையம்.
வரிசையில் பதினோரு கைக்குழந்தைகள்.
பன்னிரண்டாவது நான்.
"பிள்ளை எங்கக்கா?" என்றாள் புது நர்ஸ்.
நான்தான் என்றேன்.
மதுரைக் கடிதத்தைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறந்த தேதி எதைப் போட என்று
பேனா மூடியைக் கடித்தாள்.

சின்ன வயதில் குத்திய தழும்பு
இடது தோளில் அப்படியே இருக்கிறது.
தோளுக்கு ஞாபகம் இருக்கிறது.
ரத்தத்துக்கு இல்லை.

முதலில் கழுத்தில் ஒரு நெல்லிக்காய்.
பிறகு அக்குளில் இரண்டு.
லிம்போமா என்றார்கள்.
சந்தியாகு அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்,
வெளியூர்ப் படகின் பேரை எழுத்துக்கூட்டுவதுபோல்.
ஆறு தடவை மருந்து ஏறியது. கட்டி போனது.
கச்சான் அடங்கி வாடை எழுவதற்குள்
வந்துவிட்டது.

இனி உங்கள் செல்லையே எடுத்து உங்களுக்கே, என்றார் டாக்டர்.
ஐந்து நாள் ஊசி,
எலும்புக்குள் ஒளிந்திருந்ததை ரத்தத்துக்கு விரட்ட.
இடுப்பும் நெஞ்செலும்பும்
உள்ளேயிருந்து கதவு தட்டின.
ஒரு மெஷின் என் ரத்தத்தை வாங்கிச் சுழற்றி
வேண்டியதை வைத்துக்கொண்டு
மிச்சத்தைத் திருப்பித் தந்தது,
ஏலக்காரன் கழிவு மீனைத் தள்ளுவதுபோல்.
ஆறு மணி நேரம். ஒண்ணுக்குப் போகக்கூட விடவில்லை.

சந்தியாகு ஐஸ் பிளாண்டில் இருபத்திரண்டு வருஷம்.
அவன் கேட்டது ஒன்றுதான்:
"எத்தனை டிகிரி சார்?"
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு.
நாக்கைச் சப்புக்கொட்டினான்.
எங்கள் உப்புத் தொட்டி மைனஸ் பத்தோடு சரி.
"தண்ணி உறைஞ்சாப் பெருக்கும், தகரக் கேனே வாய் பிளக்கும்.
இது பிளக்காதா?"
டாக்டர் முதன்முறையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.
"பிளக்காம இருக்க ஒரு மருந்து கலப்போம்."
"உப்பு மாதிரி."
"உப்பு மாதிரிதான்."

அப்புறம் என்னைக் காலி செய்தார்கள்.
சுவரில் மைனஸ் ஆறு, மைனஸ் ஐந்து.
எச்சில் விழுங்க ஒரு மணி நேரம்
யோசிக்க வேண்டியிருந்தது.

பூஜ்ய நாள், மே ஒன்பது.
கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை.
தக்காளி ரசம்போல் இரண்டு பை, நாற்பது நிமிடம்.
"எத்தனை தையல்?" என்று பாம்பனே இன்றுவரை கேட்கிறது.
ஒரு தையலும் இல்லை. நாற்றம் மட்டும்.
கலந்த அந்த மருந்து என் மூச்சில் வந்து
அறையை நிரப்பியது.
பூண்டு வாடை என்றாள் நர்ஸ்.
சந்தியாகு முகமூடிக்குள் சொன்னான்:
"கரண்ட் போய் மூணாம் நாள், நம்ம மீன் ரூம்."
சிரித்தேன். வாந்தியும் எடுத்தேன்.
எது முதலில் என்று நினைவில்லை.

ஊரில் தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
அவன் அறுபத்தொரு நாளை எண்ணினான்,
நான் வெள்ளணுவை.
பத்தாம் நாள், ஒன்றுமில்லை.
பதினொன்றிலும்.
பன்னிரண்டில் இருநூறு.
"குஞ்சு தெரியுது" என்று மகனுக்கு மெசேஜ் போட்டேன்.
"நம்ம வீட்டுல ஏதும்மா கோழி?" என்று பதில்.

அடுத்த அறையில் நைனா முகம்மது, தொண்டிக்காரர்.
தம்பியின் செல்லை வாங்கியவர்.
சுவர் தட்டினால் திருப்பித் தட்டுவார்.
என் பதினாறாம் நாள்
அவர் வாசலில் வேறு யாருடைய செருப்போ கிடந்தது.
கேட்டேன்.
நர்ஸ் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்தாள்.

இன்னமும் சில ராத்திரி
கட்டில் பக்கத்துச் சுவரைத் தட்டுகிறேன்.
சந்தியாகு தூக்கத்தில் புரண்டு படுக்கிறான்.

நர்ஸ் கடைசியில் இரண்டு தேதியையும் எழுதினாள்,
ஒன்றின் மேல் ஒன்றாக.
தொடையா கையா என்று தடுமாறிக்
கையில் குத்தினாள்.
மடியில் சப்பிக்கொண்டிருந்த பன்னிரண்டு வாரத்து ஆள்
என்னை முறைத்தான். நான் முறைக்கவில்லை.

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்கும்.
கால் மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைச்சு..."
வாய் வந்தபடி சொல்லிக்கொண்டே போனவள்
நிறுத்தினாள்.
"நீங்க முழுசா போட்டுக்குங்க."